ஆவுடையம்மாள் கேட்ட கதவு

1987-ஆம் வருஷம் பங்குனி மாதம், ராஜபாளையத்தில் காசிராஜனின் புது வீடு, தனக்குள் வைத்த ஒரு கதவை நிலையோடு சேர்த்துத் தோட்டத்தில் துப்பிவிட்டது. அந்த வாரம் நூல் விலை தாறுமாறாக ஏறியிருந்ததால் ஊரில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. கதவு நல்ல தேக்கு. ஒரு கீறல் இல்லாமல் மாமரத்தடியில் மல்லாந்து கிடந்தது. அது இருந்த இடம் பழையபடி வளைந்து, பல் பிடுங்கிய ஈறு மாதிரி வழவழவென்று ஆறிப்போயிருந்தது.

காசிராஜன் ஆஸ்பத்திரிகளுக்கு பேண்டேஜ் துணி நெய்து அனுப்பிப் பணம் சேர்த்தவர். ஊர் வாயைப் பிளக்கிற மாதிரி ஒரு வீடு வேண்டும் என்று, ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரான ஆர்க்கிடெக்ட் ஐயாதுரையைப் பிடித்தார். ஐயாதுரை மெட்ராஸில் படித்து, வெளிநாடும் போய்வந்தவர். மனுஷ உடம்பில் எங்கே மூலை இருக்கிறது, வீட்டில் மட்டும் எதற்கு என்று கேட்பார். கோழிவலைக் கம்பியை வளைத்து, ஆலங்குளத்து சிமெண்டைப் பூசி, சஞ்சீவி மலைக்குக் கீழே ஒரு வீட்டை எழுப்பினார். மூலை இல்லை, கதவு இல்லை, ஒரு முழம் மரம் இல்லை. ஓர் அறை வழுக்கி அடுத்த அறைக்குள் போகும். குளியலறைக்கு மட்டும் நத்தை ஓடு மாதிரி இரண்டு சுற்று. பால் காய்ச்சுவதற்கு முன்னால் தச்சுக் கழிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வேலை முடிந்தது என்று ஆசாரி பூஜை போட்டு வீட்டுக்குச் சொல்லிவிட வேண்டும். "மரமே கிடையாது, ஆசாரி எதுக்கு?" என்று காசிராஜன் அந்தச் செலவை மிச்சம் பிடித்தார். ஆக, வேலை முடிந்தது என்று அந்த வீட்டுக்கு யாரும் சொல்லவில்லை. வீடும் முடிந்ததாக நினைக்கவில்லை. மழை பெய்தால் மலைப் பக்கமாக ஒரு சாண் வளர்ந்தது. கோடையில் மூச்சு விட்டது, கூரையில் தொங்கிய காற்றாடி கரண்ட் இல்லாமலே சுற்றியது. ஐயாதுரைக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் பெற்ற பிள்ளையைப் போலச் சொல்லித் திரிந்தார்.

பால் காய்ச்சி ஆறு மாதத்தில், காசிராஜனின் மனைவி ஆவுடையம்மாளின் ஒரே தங்கை சீனியம்மாள் செட்டியார்பட்டியில் பிரசவத்தில் இறந்துபோனாள். காரியம் முடிந்து திரும்பிய ஆவுடையம்மாள் அடுப்படிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதாள். அந்த அழுகை வளைந்த சுவரோடு உருண்டு ஓடி, முன் ஹாலில் பம்பாய்க்காரர்களோடு வியாபாரம் பேசிக்கொண்டிருந்த காசிராஜனின் மடியில் போய் விழுந்தது. அவர் உள்ளே வந்து, "ஏட்டி, பார்ட்டி வந்திருக்காக. செத்த நேரம் பொறுத்து அழு" என்றார். நெஞ்சில் ஈரம் இருக்கிறவன் சொல்கிற வார்த்தையா அது? ஆவுடையம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அழுகை தொண்டையிலேயே நின்றுவிட்டது. பிறகு எத்தனை முறை உட்கார்ந்தும் வரவில்லை. இந்த மூலைக்கு அந்த மூலை கேட்கிற வீடென்றால்கூட மூலை என்று ஒன்று இருக்கும், இங்கே அதுவும் கிடையாது. அன்றிலிருந்து அவள் கேட்டதெல்லாம் ஓர் அறை, அதற்கு ஒரு கதவு, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள், அம்புட்டுத்தான். ஆசாரி தவசிமுத்துவைக் கூட்டிவந்து வைத்த தேக்குக் கதவைத்தான் வீடு துப்பியது. இரும்புக் கதவையும் துப்பியது. திரைச்சீலையை விழுங்கிவிட்டது. "இனிமே இந்தப் பக்கம் என்னைக் கூப்பிடாதீக" என்று தவசிமுத்து கும்பிடு போட்டுப் போய்விட்டார்.

வீடு பேர் வாங்கியது. பத்திரிகைகளில் படம் வந்தது. கிருஷ்ணன்கோவில் பக்கமிருந்து என்ஜினீயரிங் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கி, ஆவுடையம்மாள் படுத்திருக்கும்போதே அவள் கட்டிலைச் சுற்றி நடந்து கூரையை அளந்தார்கள். படம் பிடிக்க வந்த ஒருவன், சேலை நிறம் சுவருக்கு ஒத்துவரவில்லை என்று அவளைத் தோட்டத்துக்குப் போகச் சொன்னான். அவள் வீட்டில், அவளையே! ஐயாதுரை வரும்போதெல்லாம் அவள் கதவு கேட்டாள், ஒன்பது வருஷம் கேட்டாள். 1996 ஐப்பசியில் கடைசியாகக் கேட்டாள்.

"அக்கா, கதவு வச்சா வீடு செத்துரும். அது மூச்சு விடணும்லா?"

"அப்ப எனக்கு மூச்சு வேண்டாமா தம்பி?"

ஐயாதுரை சிரித்துக்கொண்டே சுவரைத் தட்டிக்கொடுத்தார். ஆவுடையம்மாளை ஏறிட்டும் பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அவள் பாயை அடுப்படிச் சுவரோரம் விரித்துப் படுத்து, சுவரில் நெற்றியை வைத்து, யாரிடம் கேட்டுப் பயனில்லையோ அவர்களை விட்டுவிட்டு, வீட்டிடமே கேட்டாள். அதுவரை அந்த வீட்டைப் பற்றிப் பேசாதவர் கிடையாது, அதனோடு பேசியவர் ஒருத்தரும் கிடையாது. காப்பி நேரத்துக்குள் சுவர் அவளைச் சுற்றி வளர்ந்து மூடிக்கொண்டது. கதவு வைக்கவில்லை, வாசலே வைக்கவில்லை. இட்லித் தட்டு அளவுக்கு ஓர் ஓட்டை மட்டும் விட்டிருந்தது. காசிராஜன் கடப்பாரையால் இடித்தார். இடித்த இடம் இடிக்க இடிக்க ஆறியது. "உடைக்காதீக, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஓட்டையில் வாய் வைத்துப் பேசினால்தான் கேட்கும், மற்றபடி பொட்டுச் சத்தம் வெளியே வராது. தண்ணீருக்கும் மற்றதுக்கும் வீடே வழி பண்ணிக்கொடுத்தது. காசிராஜன் மூன்று வேளையும் சோற்றை ஓட்டை வழியாக நீட்டப் பழகினார். ஐயாதுரை பதறி ஓடிவந்து, "அக்கா, என்னக்கா இது?" என்றார்.

"இப்பத்தான் என் தங்கச்சிக்கு அழுதுட்டு இருக்கேன். பொறவு வாங்க தம்பி."

அவர் பிறகு வந்தார், டெல்லியிலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு. அந்த அறை முதலிலேயே தன் மனதில் இருந்ததாகவும், காலம் கனியக் காத்திருந்ததாகவும் அவர்களிடம் சொன்னார். அடேயப்பா, வாய் கூசவேண்டாமா! விருதும் கொடுத்தார்கள். வரைபடத்தில் அடுப்படிக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டுக்கொண்டார். தேர்தல் சமயம் அடையாள மைக்காக ஆவுடையம்மாள் விரலை மட்டும் நீட்டினாள், அதிகாரிகள் மறுபேச்சில்லாமல் மையை வைத்துவிட்டுப் போனார்கள்.

1998 மாசியில் ஐயாதுரை இன்னொரு கூட்டத்துக்கு அந்த அறையை விளக்கிக்கொண்டிருந்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸிலிருந்து அவர் மனைவி பாலம்மாள் இறங்கி வந்தாள். இருபது வருஷமாக ஒற்றை அறை வாடகை வீட்டில், அவருடைய வரைபடங்களுக்கு இடையில் கால் நீட்ட இடமில்லாமல் குடித்தனம் பண்ணியவள். கக்கத்தில் பாய், கையில் தலையணை. "நீங்க பேசிட்டிருங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிப் பக்கம் போனாள். அவர் பேசி முடிப்பதற்குள் சுவர், ஓர் ஓட்டையை மட்டும் விட்டு, அவளையும் சுற்றி மூடிவிட்டது.

வந்தவர்கள் பஸ் ஏறிப் போனார்கள். பிறகு ஐயாதுரை வரைபடத்தை விரித்து, முதல் வட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வட்டம் போட்டார். காசிராஜன் ஒரு தட்டில் சோறு போட்டு எடுத்துவந்து அவர் கையில் கொடுத்து, குழம்பு சிந்தாமல் ஓட்டைக்குள் எப்படி நீட்ட வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார்.