முதல் ஆயிரம் கிலோமீட்டர்

லாரி எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கிய அன்று மீட்டரில் ஒன்பது கிலோமீட்டர் காட்டியது. அந்த ஒன்பதையும் ஓட்டியது யார், எப்படி மிதித்தார் என்று கொண்டுவந்து விட்டவரிடம் விசாரித்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். என் பெயர் பியோ தொக்சு. வயது ஐம்பத்தேழு, மலைக்காட்டில் கிம்ச்சி ஊறுகாய்க்கான கோஸ் போடுகிறேன். வண்டிகளைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்பது எங்கள் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் எல்லோரிடமும் நானே சொல்லியிருக்கிறேன்.

புது வண்டிச் சடங்கில் ஒரு குறையும் வைக்கவில்லை. வேகவைத்த பன்றித் தலையை பம்பருக்கு எதிரே வைத்து, அதன் வாயில் நோட்டைச் செருகி, நாலு டயருக்கும் மக்கொல்லி அரிசிக் கள் ஊற்றி, விழுந்து கும்பிட்டேன். என் மனைவி ஓக்ரானும் பக்கத்தில் விழுந்து கும்பிட்டாள். எழுந்ததும் கையை நீட்டினாள்.

"சாவி."

"இப்பவா?"

"பின்ன எப்ப? லைசென்ஸ் எடுத்து நாலு மாசம் ஆச்சு, செரின் அப்பா." பிள்ளை பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவாள்.

"புது இன்ஜின், ஓக்ரான். முதல் ஆயிரம் கிலோமீட்டர் ஒரே ஆளு கால்தான் படணும். ரெண்டு கால் பட்டா வண்டி குழம்பிப் போயிரும். அதுக்கு வாழ்நாள் பூரா பிக்கப்பே இருக்காது."

"எந்தப் புத்தகத்துல போட்டிருக்கு?"

"அனுபவத்துல போட்டிருக்கு."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. காங்னுங் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் சமையலறைக்கு, செப்டம்பரிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் உப்பில் ஊறவைத்த கோஸ் அனுப்ப அவளே போய்ப் பேசி வைத்திருந்தாள். காலை ஏழரைக்குள் சரக்கு அங்கே இருக்க வேண்டும். அவளே ஓட்டிக்கொண்டு போவதாகத் திட்டம். அதற்காகத்தான் ஐம்பத்து நாலு வயதில் மூன்றாவது முயற்சியில் லைசென்ஸ் எடுத்தாள். எங்கள் குடும்பத்தில் அவள் பெயரில் வரப்போகிற முதல் வேலை அது. ஆயிரம் கிலோமீட்டர் ஆகட்டும், தருகிறேன் என்றேன்.

ஆயிரம் அவ்வளவு சுலபமாக ஆகவில்லை. நான் நாற்பதுக்கு மேல் போகவில்லை, ஒரு கோஸைக்கூட ஏற்றவில்லை. சீட்டின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க மனம் வராமல் ஆகஸ்ட் வெயிலில் அதன் மேலேயே வழுக்கி வழுக்கி உட்கார்ந்து ஓட்டினேன். ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி உடனே கிளம்பாது. மிதித்த செய்தி போய்ச் சேர்ந்து, அங்கே ஆலோசனை நடந்து, பிறகுதான் மெல்ல நகரும். இன்ஜின் டைட்டாக இருக்கிறது, ஃப்ரீ ஆகட்டும் என்று பொறுமையாக இருந்தேன். நூற்றைம்பதாவது கிலோமீட்டரில் கொஞ்சம் இளகியது போல இருந்தது. முந்நூறில் நன்றாகவே இளகியது. என் கால் ராசி என்று ஓக்ரானிடம் சொன்னேன். மறுநாள் மறுபடியும் மந்தமாகிவிட்டது. அதை அவளிடம் சொல்லவில்லை.

இதற்கிடையில் பின்னால் வருகிறவர்களின் ஹார்ன் தாங்க முடியவில்லை. கணவாய்ச் சாலையில் முந்திப்போக இடம் கிடையாது. ஒருமுறை டிராக்டர்காரர்கூட ஹார்ன் அடித்தார். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஓக்ரான் தனக்கென்று வாங்கி மேசை டிராயரில் வைத்திருந்த மஞ்சள் ஸ்டிக்கரை எடுத்து லாரியின் பின்பக்கம் ஒட்டினேன். 'புதிதாக ஓட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அன்றிலிருந்து ஹார்ன் பாதியாகக் குறைந்தது. முப்பத்தோரு வருட அனுபவசாலி, மூன்றாவது முயற்சியில் தேறியவளின் ஸ்டிக்கருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நிம்மதியாக ஊர்ந்தேன். வீட்டுக்கு வந்ததும் லாரியின் பின்பக்கம் சுவரை ஒட்டி இருக்கும்படி நிறுத்தினேன்.

ஐந்நூற்று எண்பதாவது கிலோமீட்டரில் மெக்கானிக் ஜொங்பில்லிடம் போனேன். பிக்கப் குறை என்றேன். அவன் ஏறி உட்கார்ந்து ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தான். போகும்போதே சத்தம் வேறு மாதிரி இருந்தது.

"வண்டில ஒண்ணும் இல்லண்ணே."

"மிதிச்சா யோசிக்குதேப்பா."

"நீங்க மிதிச்சாத்தானே? பெடல் மேல காலை வச்சுட்டு அதுகிட்ட அனுமதி கேட்டுக்கிட்டு இருக்கீங்க. புது வண்டின்னா விரட்டக் கூடாது, வாஸ்தவம். அதுக்காக இப்படித் தாலாட்டவும் கூடாது. வேகம் கூடணும், குறையணும், மேடு ஏறணும். அப்பதான் இன்ஜின் உள்ள பிஸ்டன் ரிங் எல்லாம் ஒழுங்கா உக்காரும்."

"முந்நூறுல இளகுச்சே?"

"அன்னிக்கு எங்க போனீங்க?"

யோசித்துப் பார்த்தேன். அன்று வயிறு சரியில்லை. வீட்டுக்குக் கொஞ்சம் அவசரமாக வந்திருந்தேன். அதை அவனிடம் சொல்லவில்லை, நேற்றுப் பிறந்த பயல் என்று முணுமுணுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவனுக்கு நாற்பத்தாறு வயது.

அதற்கு அடுத்த வாரம் பள்ளிச் சமையலறைப் பொறுப்பாளர் பாங் டீச்சர் கோஸைப் பார்க்க நேரில் வந்தார். சின்னப் பெண், ரொம்ப மரியாதை. கழுவும் கொட்டகையில் ஓக்ரான் ஊறவைத்திருந்ததைப் பிய்த்துத் தின்று பார்த்து, ருசி பிரமாதம் என்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே தயங்கினார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. போன வெள்ளிக்கிழமை கணவாய்ல உங்க லாரிக்குப் பின்னாடிதான் வந்தேன். பக்கத்துல பண்ணைப் பேரு எழுதியிருந்துச்சு, பின்னாடி புதுசா ஓட்டுறேன்னு ஸ்டிக்கர். இருபது நிமிஷம் வந்தேன். அறுநூறு பிள்ளைங்களுக்குச் சோறு. சரக்கு எட்டு மணிக்கு வந்தாக்கூட எங்களுக்குக் கஷ்டம். தலைமையாசிரியர்கிட்ட சொன்னேன், வேற ஆளைப் பாக்கச் சொல்றாரு."

ஓக்ரான் ஒன்றும் புரியாமல் நின்றாள். அந்த லாரியின் ஸ்டியரிங்கை அவள் இன்னும் தொட்டதுகூட இல்லை. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கோஸ் கூடைகளை எண்ண ஆரம்பித்தேன். மொத்தம் நாலு கூடைதான் இருந்தன. எண்ணி முடித்து, சந்தேகத்துக்கு இன்னொரு முறையும் எண்ணினேன். 'ஓட்டியது நான்' என்று இரண்டே வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வாய் திறக்கவில்லை. என் வாழ்நாளில் நான் செய்த கேவலங்களில் அது முதல் மூன்றுக்குள் வரும்.

பாங் டீச்சர் குனிந்து வணங்கிவிட்டுத் தன் சின்னக் காரில் ஏறிப் போய்விட்டார். ஓக்ரான் நேரே லாரிக்குப் போய்ச் சுவருக்கும் அதற்கும் நடுவில் தலையை விட்டுப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் பரவாயில்லை.

"சாவி," என்றாள்.

கொடுத்தேன். அவள் பிளாஸ்டிக் உறையை ஒரே இழுப்பில் கிழித்து வெளியே வீசிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். நான் ஓடிப்போய்ப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டேன்.

"அறுநூத்துப் பன்னெண்டுதான் ஆகுது, ஓக்ரான்."

"பெல்ட்டப் போடுங்க."

மிதித்தாள். லாரி ஆலோசனை எதுவும் செய்யவில்லை. என் தலை பின்னால் போய் மோதியது. கணவாய் மேட்டில் ஒவ்வொரு வளைவுக்கும் காலை எடுத்தாள், வளைவு முடிந்ததும் பாந்தமாக அழுத்தினாள். அவள் பாதம் கேட்டதை இன்ஜின் அந்தக் கணமே கொடுத்தது. அறுநூறு கிலோமீட்டராக நான் காத்துக்கிடந்த பிக்கப் அங்கேயேதான் இருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது, கொஞ்சம் வாந்தியும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டேன்.

உச்சியில் வண்டிகள் நிறுத்தும் இடத்தில் பாங் டீச்சர் காரை ஓரம் கட்டி போனில் பேசிக்கொண்டிருந்தார். ஓக்ரான் அவருக்குப் பக்கத்தில் கோட்டுக்குள் கச்சிதமாக நிறுத்தினாள். இறங்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் இறங்கிப் போய், தொப்பியைக் கழற்றி, இடுப்பு வரை வளைந்தேன்.

"டீச்சர், அன்னிக்கு ஓட்டுனது நான். ஸ்டிக்கர் இவளோடது, நான் எடுத்து ஒட்டிக்கிட்டேன். புது இன்ஜினைப் பழக்குறேன்னு அப்படிப் போனேன்."

"உங்களுக்கு எத்தனை வருஷ அனுபவம் சார்?"

"முப்பத்தோரு வருஷம்."

அவர் சிரிப்பை அடக்க ரொம்பப் பாடுபட்டார். பிறகு லாரியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான் கிளம்பும்போது நீங்க கொட்டகையில நின்னீங்களேம்மா. எப்ப கிளம்புனீங்க?"

"உங்களுக்கு ஆறு நிமிஷம் பின்னாடி டீச்சர்," என்றாள் ஓக்ரான் ஜன்னல் வழியாக.

"அப்ப செவ்வாய்க்கிழமை வாங்க. முதல் மாசம் பாப்போம். ஆனா நீங்கதான் ஓட்டணும்."

திரும்பி வரும்போதும் அவள்தான் ஓட்டினாள். எனக்குக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முதலில் மேலே இருந்த பிடியைப் பிடித்தேன், பிறகு மடியில் வைத்தேன்.

"இன்ஜின் கதையெல்லாம் வேணாம். சாவி ஏன் தரல, அதச் சொல்லுங்க," என்றாள்.

சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் அன்றைக்குப் பொய்யெல்லாம் தீர்ந்து போயிருந்தது.

"நீயே ஓட்ட ஆரம்பிச்சுட்டா, பேசுறதும் நீ, விக்கிறதும் நீ. அப்புறம் நான் எதுக்குன்னு தோணுச்சு. பக்கத்துல சும்மா உக்காந்து வர்ற ஆளு எதுக்கு?"

ஓக்ரான் காலை எடுத்து அடுத்த வளைவைத் திருப்பினாள்.

"இருபத்தொன்பது வருஷமா நான் அந்த சீட்டுலதான் உக்காந்து வந்தேன்," என்றாள். "அப்ப என்னையும் அப்படித்தான் நெனச்சீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படி நினைத்தேனா இல்லையா என்று யோசித்துப் பார்த்தேன். அவளைப் பற்றி நான் எதுவுமே நினைத்துப் பார்த்ததில்லை என்பது தெரிந்தபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இந்த இருபத்தொன்பது வருடத்தில் நான் தூங்கிவிடாமல் பேச்சுக் கொடுத்தது யார், ஆரஞ்சு உரித்து வாயில் போட்டது யார், இடப்பக்கம் சைக்கிள் வருகிறது என்று சொன்னது யார்?

"தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டேன்.

"குடுங்க."

மூடியைத் திறந்து, அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்க வேண்டியில்லாதபடி பாட்டிலை அவள் கையில் வைத்தேன். வளைவுக்குப் பின்னால் எதிரே பால் வண்டி ஒன்று வந்தது. வருகிறது என்று சொன்னேன்.