இந்த வீட்டில் மட்டும்

"நெட்டு சரியாயிடுச்சும்மா" என்று ரிப்பேருக்கு வந்த பத்ரிநாத் பையை மூடப் போனபோதுதான் ஆஞ்சலாவுக்குத் துணிச்சல் வந்தது. லிங்கராஜபுரத்து அந்த வீட்டில் காலையிலிருந்து எந்த வெப்சைட்டின் பெயரை அடித்தாலும் திறக்கவில்லை. பெயரை நம்பராக மாற்றிக் கொடுக்கும் இடத்தில்தான் கோளாறு என்று ரூட்டரில் என்னவோ மாற்றியிருந்தார் அவர்.

"ஒரே ஒரு பேரு மட்டும் ரெண்டு வருசமா தொறக்கல. பாக்கறீங்களா?" சோபாவில் இருந்த கணவர் மதலைமுத்துவின் காதில் விழுந்தால் விழட்டும்.

அது லவினாவின் வெப்சைட் பக்கம். வேறு மதத்துப் பையனைக் கட்டிக்கொண்டு புனேவுக்குப் போன மகள். கேக் சுட்டுப் படம் போட்டு, கீழே நாலு வரி எழுதுவாள். அவளோடு பேசவே கூடாது என்று மதலைமுத்து பைபிள் மேல் சத்தியம் வாங்கியிருந்தார். பேசத்தானே கூடாது, பார்க்கலாமே என்று அவர் காலைப் பூசைக்குப் போன நேரத்தில் ஆஞ்சலா தினமும் பார்ப்பாள். ஒருநாள் பக்கம் காணாமல் போயிற்று. மகள்தான் கோபத்தில் மூடிவிட்டாள் என்று வயிறெரிந்து, இவளும் வீம்பாக இருந்துவிட்டாள். பைத்தியக்காரி, வெளியே ஒருத்தரிடமாவது கேட்டிருக்கலாம். அவள் போன் வீட்டு வைஃபையில் மட்டும்தான் ஓடும். டேட்டா எதற்கு தண்டச்செலவு என்பார் அவர்.

பத்ரிநாத் தன் போனில் வைஃபையை அணைத்துவிட்டு அந்தப் பெயரை அடித்தார். கேக் படங்கள் வந்தன. வைஃபையைப் போட்டு அடித்தார். வரவில்லை. மறுபடி ரூட்டருக்குள் போய்த் தேடினார்.

"சைட்டு நல்லாத்தான் இருக்கும்மா. இந்த வீட்ல மட்டும்தான் வராது. யாரோ இந்த ஒரு பேர மட்டும் வேற எங்கியோ திருப்பி வுட்டிருக்காங்க."

யாரோவாம்! டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர், பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார்.

"நீங்களா?"

பேப்பர் இறங்கியது. "பாத்துட்டுப் பாத்துட்டு அழுவற, ஆஞ்சி. பாக்கலன்னா மறந்துடுவன்னு நெனச்சேன்."

ஆஞ்சலா தன் போனை பத்ரிநாத்திடம் நீட்டினாள். பத்ரிநாத் தலை நிமிராமல் அந்தத் திருப்பலை நீக்கி, அவள் போனிலேயே பக்கத்தைத் திறந்து கொடுத்தார். லவினா கடைசியாக எழுதி எட்டு மாதம் ஆகியிருந்தது. அதில் கேக் இல்லை, எழுத்து மட்டும். கண்ணீரில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. பத்ரிநாத்துக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. போனைக் கணவர் கையில் திணித்தாள்.

"படிங்க."

"மம்மி, ஒவ்வொரு கேக்குக்குக் கீழயும் உனக்குத்தான் எழுதினேன்..." அவர் நிறுத்தினார்.

"படிங்கன்றேன்ல."

"நீ பாக்கறதே இல்லன்னு இப்ப புரிஞ்சிடுச்சு. இதுதான் கடைசி..."

அவர் குரல் உடைந்தது. கீழே இன்னும் ஏழெட்டு வரிகள் இருந்தன. ஆஞ்சலா உட்காரவில்லை. எதிரே நின்றுகொண்டு, அடுத்த வரிக்காக அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.