மாடி அறைக்கு வராத சூடு

ஹீட்டர் மோட்டாரை மாற்றியாயிற்று. சூட்டை அளவாக வைக்கச் சுவரில் புதிதாக எண்கள் ஒளிரும் தெர்மோஸ்டாட் மாட்டியாயிற்று. ஆனாலும் மாடியில் அப்பாவின் அறை மட்டும் சூடாகவில்லை.

எங்கள் வீடு பழையது. நிலவறையில் இருக்கும் ஹீட்டர் காற்றைச் சூடாக்கி, சுவர்களுக்குள் ஓடும் தகரக் குழாய்களில் ஒவ்வோர் அறைக்கும் அனுப்பும். வெயில் காலத்தில் அதே குழாய்களில் குளிர்காற்று வரும். ஒவ்வோர் அறையிலும் தரையை ஒட்டிச் சுவரில் ஒரு சதுர ஓட்டை, அதன்மேல் துளை போட்ட இரும்பு மூடி.

போன மாதம் நுரையீரலில் சளி கட்டி அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். குளிரே ஆகாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த சில நாளில் அவர் அறை ஜில்லிட ஆரம்பித்தது. என் அறைக்கு வரச் சொன்னேன், மாட்டேன் என்றார். கரண்ட் ஹீட்டர் வாங்கி வைத்தால் பழைய வயரிங் தாங்காமல் ஃப்யூஸ் போனது. ராத்திரியெல்லாம் வெந்நீர்ப் பையை ஆறுவதற்குள் மாற்றி, ஆறுவதற்குள் மாற்றி, வேலை பார்க்கும் ஆய்வகத்தில் தண்ணீர் மாதிரிகளுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே நான் தூங்கத் தொடங்கியிருந்தேன்.

அண்ணன் முடிவாகச் சொல்லிவிட்டான். “மெக்கானிக் இன்னொரு தடவை பாக்கட்டும். சரியாகலன்னா நாளைக்கே அப்பாவை என் ஃப்ளாட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுறேன். அங்க எல்லாமே புது சிஸ்டம்.”

அங்கே ஹாலில் ஒரு சோபா உண்டு. அப்பாவுக்கென்று தனி அறை கிடையாது. அப்பாவிடம் கேட்டதற்கு, “உங்க இஷ்டம்” என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் குறுக்கே வந்த அத்தனை பேரையும் வாய்க்கு வந்தபடி திட்டிய மனிதர்.

மெக்கானிக் காலையிலேயே வந்தார். நிலவறையில் இறங்கி ஹீட்டரின் தகரத்தைத் தட்டினார்.

“என்னடா கிழவா, மறுபடியும் என்னைக் கூப்பிட வச்சிட்டியா?”

ஹீட்டர் ஒழுங்காகத்தான் ஓடியது. அவர் ஒரு டிஷ்யூ காகிதத்தை நீளமாகக் கிழித்து, ஒவ்வோர் அறையிலும் மூடிக்கு முன்னால் பிடித்துப் பார்த்தார். சமையலறையில் காகிதம் துடித்தது. என் அறையிலும் துடித்தது. அப்பாவின் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே கையை நுழைத்துப் பிடித்தபோது அப்படியே தொங்கியது.

“சுத்தமா மூச்சே இல்லம்மா. சமையலறைக்கும் இதுக்கும் ஒரே குழாய்தான். அங்க ஜம்முனு வருது, இங்க வரல. நடுவுல எங்கயோ கழண்டிருக்கும். சுவரை உடைச்சாதான் தெரியும்.”

“இன்னிக்கே முடியுமா?”

“சுவரை உடைக்கிறது என்ன, பப்படமா? ரெண்டு வாரமாவது ஆகும். முதல்ல கட்டிலை நகர்த்தி மூடியைக் கழட்டுவோம். ஐயா, கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா?”

“எந்திரிக்க முடியாது” என்றார் அப்பா.

மெக்கானிக் என்னைப் பார்த்தார். “சரி, நான் வண்டியில டார்ச் எடுத்துட்டு வர்றேன். நீ பேசி வை.”

எனக்குப் பேசி வைக்கும் தெம்பு இல்லை. கட்டிலின் கால்மாட்டைப் பிடித்து அப்பாவோடு சேர்த்தே இழுத்தேன். அவர் கத்தவில்லை. மூடியில் நான்கு திருகுக்குப் பதில் ஒன்றுதான் இருந்தது. அதுவும் கையால் சுற்றவே கழன்றது. உள்ளே கை விட்டேன். துணி. இழுக்க இழுக்க வந்தது. அப்பாவின் பழைய டிரைவர் சட்டை, இறுக்கிச் சுருட்டியிருந்தது. அது வெளியே வந்ததும் என் முகத்தில் சூடான காற்று அடித்தது, தூசியோடு.

“ஏன்பா?”

அப்பா என் கையிலிருந்த சட்டையைப் பார்த்தார். பிறகு, “சத்தம் வருது” என்றார்.

“என்ன சத்தம்?”

“கீழ சமையலறையில பேசுறது எல்லாம் இதுல வரும். உங்கண்ணன் குரல் சும்மாவே ஊருக்குக் கேக்கும்.”

“அதுக்காக யாராவது குளிர்ல கிடப்பாங்களா?”

“ஆஸ்பத்திரியிலேருந்து வந்தப்புறம் ஒரு நாள் உன்னைக் கேட்டானே. ‘மறைக்காம சொல்லு, அப்பா உனக்குப் பாரமா இல்லையா’ன்னு. நீ பதிலே சொல்லல.” போர்வையின் ஓரத்தைத் திருகினார். “இன்னொரு நாள் கேப்பான். அன்னிக்கு நீ சொல்லிடுவ. அது என் காதுல விழ வேண்டாம்னு தோணுச்சு.”

அந்த நாள் எனக்கு நினைவிருந்தது. கையில் சோப்பு நுரையோடு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

“நான் தலையை ஆட்டினேன்பா.”

“எப்படி?”

இல்லை என்று தலையை ஆட்டிக் காட்டினேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தலை ஆட்டினா குழாய்ல வருமா? சின்ன வயசுலேருந்தே இதே வேலை. வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா உனக்கு?”

டார்ச்சோடு வந்த மெக்கானிக் என் மடியில் இருந்த சட்டையைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

“மனுஷங்கதான் குளிருக்குச் சட்டை போடுவாங்க. இந்த வீட்டுல குழாய்க்குப் போட்டிருக்கீங்க.”

அப்பா சட்டென்று தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார்.

சாயங்காலம் அண்ணன் காலிப் பெட்டியோடு வந்தான். சமையலறையில் அவனுக்குக் காபி கொடுத்தேன். குழாயில் குப்பை அடைத்திருந்தது, எடுத்தாயிற்று, அறை சூடாகிவிட்டது என்றேன். சட்டையைப் பற்றிச் சொல்லவில்லை.

“இன்னிக்கு சூடாகும். அடுத்த வாரம் வேற ஏதாவது புடுங்கிக்கும். உன் மூஞ்சியைக் கண்ணாடியில பாத்தியா? பேய் அறைஞ்ச மாதிரி இருக்க. வாயைத் திறந்து சொல்லு, உன்னால முடியுதா முடியலையா?”

வழக்கம்போலத் தலைதான் முதலில் அசையப் பார்த்தது. நிறுத்திக்கொண்டேன். சுவரோரத்து மூடி என் கால்களில் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. அதற்கு நேராகத் திரும்பி நின்றேன்.

“அப்பா எனக்குப் பாரம் இல்ல.”

“எதுக்கு இப்படிக் கத்துற? பக்கத்துலதானே நிக்கிறேன்.”

“அவர் இங்கதான் இருப்பாரு. ஆனா எனக்குத் தூக்கம் இல்ல. உடம்பு அசந்து வருது. தனியா முடியல. வாரத்துல ரெண்டு ராத்திரி நீ வந்து அவர்கூடப் படுத்துக்கோ.”

என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. சொன்னதில் பாதியை அப்பா கேட்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. ஆனால் பாதியை மட்டும் மேலே அனுப்பக் குழாயில் வழியில்லை.

அண்ணன் காபியைக் குடித்து முடித்தான். ஆபீஸ், டிராஃபிக், முதுகுவலி என்று ஏதேதோ தொடங்கி எதையும் முடிக்காமல் விட்டான். கடைசியில், “புதன்கிழமை வேணா வர்றேன்” என்றான்.

“வியாழக்கிழமையும்” என்றது சுவர்.

அண்ணன் கையிலிருந்த டம்ளர் சிங்க்கில் விழுந்தது. நான் நாற்காலியை இழுத்து, மூடிக்கு முன்னால் கால் நீட்டி உட்கார்ந்தேன். எழுந்திருக்க மனசில்லை.