சுக்குவின் தகப்பன் பெயர்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. கண்ணாடி மாற்றப் போனேன்.

என் கையெழுத்தே எனக்குப் புரியாமல் போன ஒரு திங்கட்கிழமை, மார்த்தாண்டத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் இயந்திரத்தின் மேல் தாடையை வைத்து உட்கார்ந்திருந்தேன். கண் பரிசோதிக்கும் பெண் இரண்டு கண்ணிலும் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“சாருக்கு கண்ணு மோசமில்ல. ஆனா எனக்க வீட்டுப் புறாவுக்க கண்ணு முன்னால நிக்காது, கேட்டியளா.”

என் பவர் எவ்வளவு என்று கேட்க மறந்தேன். எந்தப் புறா என்று கேட்டேன். எனக்குப் பின்னால் காத்திருந்த மூன்று பேர் டீ குடிக்கப் போய், திரும்பி வந்து, மறுபடியும் போனார்கள்.

அவர் பெயர் பெமிலா. (நேரில் ‘அவங்க’ என்றுதான் சொல்வேன். கதைக்குள் ‘அவள்’ என்று எழுத அனுமதி வாங்கியாயிற்று. “சின்ன வயசா தெரியும்லா, எழுதுங்க” என்றாள்.)

2

எப்படித் தொடங்குவது என்பதில் ஒரு வாரம் போயிற்று.

“புறா சமாதானத்தின் சின்னம் என்பார்கள், ஆனால்—” அடித்துவிட்டேன். ஒரே பெட்டிக்காக இரண்டு ஆண்புறாக்கள் இறக்கையால் அறைந்துகொள்வதைப் பார்த்த எவனும் அந்த வரியை முடிக்க மாட்டான்.

“மேம்பாலத்துக்கு மேலே வானத்தில் ஒரு கறுப்புப் புள்ளி—” இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அது பந்தயம் முடிகிற இடம். அதை இங்கே வைத்துவிட்டால் நடுவில் உங்களை எப்படி உட்கார வைப்பேன்?

கடைசியில் பழைய வழிக்கே வந்தேன். ஒரு வீட்டில் ஓர் அக்காவும் தம்பியும் இருந்தார்கள். கீழ்வீட்டில் நாற்பத்து மூன்று வயது பெமிலா. மேல்வீட்டில் அவளைவிட நான்கு வயது இளைய ஸ்டெனி. மொட்டை மாடி இருவருக்கும் பொது. அந்த மாடியில் கம்பிவலை அடித்த கூட்டில் இருபத்தாறு பந்தயப் புறாக்கள்.

ஸ்டெனிக்குப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதும் வேலை.*

* நீங்கள் நினைப்பது தெரிகிறது. அக்கா கண் பார்க்கிறாள், தம்பி பத்திரம் பார்க்கிறான், கதைக்காரன் இழுத்துக் கட்டியிருக்கிறான் என்று. எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. ஒரு பிரதியில் அவனை ரப்பர் ஷீட் வியாபாரி ஆக்கிப் பார்த்தேன். வாயைத் திறந்தால் மூலப்பத்திரம், வில்லங்கம் என்றே பேசினான். பேசாமல் அவனை அவன் வேலைக்கே திருப்பி அனுப்பிவிட்டேன்.

3

புறா வளர்ப்பில் பெரிய கேள்வி ஒன்றுதான். எதையும் எதையும் ஜோடி சேர்த்தால் வேகமான குஞ்சு கிடைக்கும்?

ஸ்டெனி காகிதம் பார்ப்பான். பெங்களூரில் ஒருவரிடமிருந்து அவன் வரவழைத்த ஆண்புறாவோடு நான்கு தலைமுறை எழுதிய வம்சப் பத்திரம் வந்தது. அப்பன், தாத்தன், பூட்டன், யார் எத்தனை கிலோமீட்டர் பறந்தார்கள் என்று எல்லாம் உண்டு. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வீட்டுப் பத்திரம் இருக்கும் பீரோவிலேயே வைத்தான். அந்தப் புறாவுக்குப் பெங்களூரான் என்று பெயர்.

பெமிலா கண் பார்ப்பாள். கடையில் லென்ஸில் கீறல் பார்க்க வைத்திருக்கும் சின்ன உருப்பெருக்கியை மாடிக்குக் கொண்டுவந்து, புறாவின் தலையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு உற்றுப் பார்ப்பாள். கண்மணியைச் சுற்றி ஒரு மெல்லிய வளையம் ஓடும். அது முழுதாகவும் அடர்த்தியாகவும் இருந்தால் நல்ல வித்து. நிறங்கள் ஒன்றோடொன்று கலங்காமல் பிரிந்து நிற்க வேண்டும். இதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்டேன். “இருவது வருசமா கண்ணு பாக்கேன் சார்” என்றாள். அது பதிலா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதற்குமேல் கேட்கவும் தோன்றவில்லை.

பெங்களூரானின் கண்ணைப் பார்த்து அவள் சொன்னது: “கஞ்சித்தண்ணி மாதிரி இருக்கு.”

அப்போதுதான் அவன் வந்தான். ஒரு மழைக்காற்று நாளில் சோர்ந்துபோய் மாடியில் இறங்கிய ஆண்புறா. யாருடையது என்று சொல்லும் எண் வளையம் காலில் கிடையாது. நெடுநேரம் தண்ணீர் குடித்தது. மறுநாளும் போகவில்லை, அடுத்த வாரமும் போகவில்லை. பெமிலா கண்ணைப் பார்த்தாள். கண்மணியைச் சுற்றிப் பச்சையும் நீலமும் கலந்த கனமான வளையம், எங்கும் அறுபடாமல். அன்று கடைக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனாள். அவனுக்கு விருந்தாளி என்று பெயர் வைத்தாள்.

கூட்டில் தேர்ந்த பெண்புறா ஒன்றுதான், பட்டு. பிப்ரவரிப் பந்தயத்துக்குப் பழகும் வயதில் குஞ்சு வேண்டுமென்றால் ஒரே ஈற்றுக்குத்தான் நேரம் இருந்தது. யாரோடு சேர்ப்பது?

“மூலப்பத்திரம் இல்லாத சொத்த எவனாவது வாங்குவானாக்கா? அதும் இவன் வீட்டுக்குப் போற வழி தெரியாம வந்தவன். பந்தயப் புறாவுக்கு அதுக்க மேல என்ன குத்தம் வேணும்?”

“வழி தெரியாம வரல்ல மக்கா. இஞ்ச நல்லாருக்குன்னு வந்தான்.”

சீட்டுக் குலுக்கினார்கள். பெங்களூரான் பெயர் வந்தது. பட்டுவையும் அவனையும் தனிப்பெட்டியில் அடைத்தார்கள்.

4

செப்டம்பரில் முதல் ஞாயிறு. ஆராதனை முடிந்து ஸ்டெனி சபைக் கமிட்டிக்காகக் கோயிலிலேயே இருந்துவிட்டான். பெமிலா தனியாக வீடு திரும்பி, சேலைகூட மாற்றாமல் மாடிக்குப் போனாள்.

தனிப்பெட்டியின் கொண்டி கழன்று கிடந்தது. பெங்களூரான் தண்ணீர்த் தொட்டியின்மேல் தனியாக உட்கார்ந்திருந்தான். பெட்டிக்குள் விருந்தாளி கழுத்தைப் பொம்மிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். பட்டு அவன் கழுத்து இறகைக் கோதிக்கொண்டிருந்தது.

அவள் உடனே தம்பியைக் கூப்பிட்டு நடந்ததை—

இந்த வரியை எழுதி முடிப்பதற்குள் சந்தேகம் வந்து போன் செய்தேன். “நான் கூப்பிடல்ல சார். பொய் எழுதாதிய” என்றாள். ஆகவே எழுதுகிறேன்: கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அவளுக்கே தெரியாமல் சிரிப்பு வந்தது. பிறகு விருந்தாளியை எடுத்துவிட்டு, பெங்களூரானைப் பிடித்து உள்ளே போட்டு, கொண்டியைக் கம்பியால் முறுக்கிக் கட்டினாள். கீழே வந்து மீன் கழுவினாள்.

சனிக்கிழமை முதல் முட்டை. இரண்டு நாளில் அடுத்தது. மாதக் கடைசியில் இரண்டு குஞ்சுகள்: சுருங்கிக் கிடந்தது சுக்கு, கறுப்பாக இருந்தது மிளகு. ஸ்டெனி நல்ல தாள் வாங்கி, முத்து முத்தான கையெழுத்தில் வம்சப் பத்திரம் எழுதினான். தாய்: பட்டு. தகப்பன்: பெங்களூரான். கீழே கையெழுத்து, தேதி. பெமிலா பார்த்துக்கொண்டு நின்றாள்.

(இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் கொஞ்சம் வருத்தம். ஒரு வாக்கியம் போதும், சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படி எழுதும் தம்பியின் முகத்தை நான் பார்க்கவில்லை, அவள் பார்த்தாள்.)

5

நாங்குநேரி, திருநெல்வேலி, கோவில்பட்டி என்று தூரம் கூட்டிக்கூட்டிக் குஞ்சுகளைப் பழக்கினார்கள். கோவில்பட்டியிலிருந்து மிளகு வரவில்லை. வல்லூறு அடித்திருக்கும் என்றான் ஸ்டெனி. அன்று இருட்டும்வரை இருவரும் மாடியைவிட்டு இறங்கவில்லை. அதற்குமேல் இதைப் பற்றி எழுத வேண்டாம் என்று இருவருமே சொல்லியிருக்கிறார்கள்.

அந்த நாட்களில்தான் சுக்குவின் கண்ணில் நிறம் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு நாள் பெமிலா உருப்பெருக்கியை வைத்தாள். பச்சையும் நீலமும், அறுபடாத வளையம். விருந்தாளியின் கண்ணை அப்படியே எடுத்து வைத்ததுபோல. உருப்பெருக்கியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

பிப்ரவரியில் திருச்சியிலிருந்து பந்தயம். வான்வழி முந்நூற்று இருபது கிலோமீட்டர். காலை ஏழு மணிக்குத் திறந்துவிட்டார்கள். பெமிலா கடைக்கு லீவு சொன்னாள். பதினோரு மணியிலிருந்து அக்காவும் தம்பியும் மாடியில் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று எப்படி அடிக்கிறது என்று ஸ்டெனி யாருக்கோ மூன்றாம் முறை போன் செய்துகொண்டிருந்தபோது—

மேம்பாலத்துக்கு மேலே வானத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. (சொன்னேன் அல்லவா.)

சுக்கு இறக்கையை மடக்கி ஒரே இறக்கமாக இறங்கி, அங்கே இங்கே உட்காராமல் கூட்டுக்குள் நுழைந்தது. திறந்துவிடும் முன் பந்தயச் சங்கம் அதன் காலில் ஒட்டியிருந்த ரகசிய எண்ணை ஸ்டெனி போனில் சங்கத்துக்கு அனுப்பினான். மதியம் பன்னிரண்டு ஒன்பது. நூற்று எண்பது புறாக்களில் மூன்றாவது.

“பாத்தியாக்கா! பேப்பர்! நாலு தலமொற பேப்பரு பேசுது பாத்தியா!”

அவன் மாடியைச் சுற்றி ஓடினான். பெமிலாவும் கை தட்டினாள். அவள் ஜெயித்திருந்தாள். தன் வாழ்நாளில் ஒரு விவாதத்தில் இவ்வளவு தெளிவாக அவள் ஜெயித்ததில்லை. அதை யாரிடமும் சொல்ல முடியாது. நாக்கைக் கடித்துக்கொண்டு கடித்துக்கொண்டு நாக்கே புண்ணாயிற்று என்றாள் என்னிடம்.

6

அடுத்த ஞாயிறு மயிலாடியிலிருந்து வைகுண்டராஜன் வந்தார். சிற்பக்கூடம் நடத்துகிறவர். விரல் இடுக்கில் எப்போதும் கல்பொடி. பந்தயத்தில் முதலில் வந்தது அவருடைய புறாதான். தன் பெண்புறாவோடு சேர்க்க, ஒரு ஈற்றுக்குச் சுக்குவைத் தர முடியுமா என்று கேட்டார்.

ஸ்டெனிக்குத் தலைகால் புரியவில்லை. “பேப்பருக்க காப்பி ஒண்ணு எழுதித் தாறேன் அண்ணாச்சி” என்று தாளும் பேனாவுமாக உட்கார்ந்தான். தாய் பெயர் எழுதினான். தகப்பன் என்று எழுதிப் புள்ளி வைத்தான்.

“எழுதாத மக்கா” என்றாள் பெமிலா.

சொன்னாள். கொண்டி, தண்ணீர்த் தொட்டி, கம்பியால் கட்டியது, எல்லாம்.

ஸ்டெனி பேனாவை மூடினான். “எந்த ஞாயிறு?”

“முட்டைக்கு முந்தின ஞாயிறு.”

விரல் விட்டு எண்ணினான். “ஆறு நாளு. அதுக்கு முன்ன ரெண்டு வாரம் பெங்களூரான்தான் உள்ள இருந்தான். பொறவும் அவன்தான். அப்போ யாரு?”

“கண்ணப் பாரு, தெரியும்.”

“கண்ணு கெடக்கட்டும். அஞ்சு மாசமா என்னப் பொட்டனாக்கிட்டியேக்கா. நான் கையெழுத்துப் போட்ட பேப்பர்லா அது? நான் இதுவர ஒரு பொய்ப் பத்திரம் எழுதினது உண்டா?”

குரல் உடைந்திருந்தது.  இதற்குத்தான் பெமிலா பயந்தாள்.

வைகுண்டராஜன் டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சமாதானமாகச் சொன்னார்: “இதுக்கு ஏன் சண்ட? தகப்பன் எவனா இருந்தா என்ன, கண்ணு எப்பிடி இருந்தா என்ன? ரெண்டும் சும்மா மனுசன் சொல்லுத கத. கூடைல போட்டுத் தூரமாக் கொண்டுபோய் விடணும். வாறத வச்சுக்கிடணும். நான் அப்பிடித்தான் செய்யேன்.”

அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பினார்கள்.

“அண்ணாச்சி என்ன பேசுதிய?” என்றான் ஸ்டெனி. “மூலம் பாக்காம எப்பிடி ஜோடி போடுவிய?”

“கண்ணு பாக்காமயா இத்தன வருசம் புறா வளத்திய?” என்றாள் பெமிலா.

“அதெல்லாம் கத இல்ல அண்ணாச்சி. அறிவு.”

“நீ சொல்லு மக்கா, நல்லாச் சொல்லு.”

முக்கால் மணி நேரம் இருவரும் அவரை விடவில்லை. ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் பிடித்துக்கொண்டார். முதலில் வந்த புறாவின் சொந்தக்காரர் எழுந்து, செருப்பை மாட்டி, சிரித்துக்கொண்டே வெறுங்கையோடு பைக்கில் ஏறினார். “இந்த ஆளுக்க கைல சுக்குவக் குடுக்கவே கூடாது” என்றாள் பெமிலா. “சேச்சே” என்றான் ஸ்டெனி.

பைக் சத்தம் மறைந்த பிறகுதான் தாங்கள் சண்டையில் இருப்பது இருவருக்கும் நினைவுக்கு வந்தது.

7

இங்கே முடிவு வேண்டும்.

முடிவு ஒன்று: தம்பி கண் கலங்க அக்காவைக் கட்டிக்கொண்டு— “எங்க குடும்பத்துல கெட்டிப்பிடிக்கதெல்லாம் கெடையாது சார்” என்று பெமிலா நிறுத்திவிட்டாள்.

முடிவு இரண்டு: விருந்தாளி ஒரு நாள் தன் பழைய வீட்டை நினைத்துப் பறந்துபோக— இல்லை. நேற்றுகூட அவன் தண்ணீர்த் தொட்டியில் குளித்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

முடிவு மூன்று: இறகு அனுப்பினால் தகப்பன் யாரென்று சொல்லிவிடும் சோதனைச்சாலைகள் இருக்கின்றன. ஸ்டெனி சுக்கு, பெங்களூரான், விருந்தாளி மூன்றிடமும் இறகு பிடுங்கி, தனித்தனியாக மடித்து, உறையில் முகவரி எழுதினான். “நான் கடைக்குப் போறப்ப தபால்ல போடுதேன்” என்று பெமிலா வாங்கிக் கைப்பையில் வைத்தாள். இது மார்ச்சில். இப்போது ஜூலை. உறை கைப்பையில்தான் இருக்கிறது. ஏன் போடவில்லை என்று கேட்டேன். “ஸ்டாம்பு ஒட்டல்ல” என்றாள். போட்டாயா என்று ஸ்டெனி கேட்டானா என்று கேட்டேன். யோசித்துப் பார்த்து, “இல்ல” என்றாள். பிறகு அவசரமாக, “நேரமாச்சு சார், அவன் மாடியில நிப்பான். புது ஜோடி போடணும், இன்னிக்கு விடமாட்டேன்” என்று கிளம்பிவிட்டாள்.

பழைய பத்திரத்தை ஸ்டெனி கிழித்துப் போட்டுவிட்டான். புதியதில் எல்லாம் மையில் இருக்கிறது, ஒரு வரியைத் தவிர. அதை இங்கே போட அனுமதி கேட்டேன், தந்தார்கள். பேனா உங்களிடம். எழுதும்போது பார்த்து எழுதுங்கள்; இரண்டு பேருமே வாசிக்கிற ஆட்கள்.

பெயர்: சுக்கு
தாய்: பட்டு
தகப்பன்: ..............................