பூமுக்கு முட்டுக் கொடுத்தவள்

அந்தப் பாய்மரப் படகு வந்த நாளிலிருந்து பல் டாக்டரம்மாவின் வலது தோளுக்கு நிம்மதி போயிற்று. காரணம், அவள் புருஷன். ஆள் கட்டட இன்ஜினியர். தான் எழுப்பும் கட்டடத்தில் ஒரு கான்கிரீட் தளம் இறுகும்வரை முட்டுக்கு மேல் முட்டாக நிறுத்துகிற மனுஷன், சொந்தப் படகில் ஒரு பூமுக்கு முட்டுக் கொடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தால் யாரிடம் போய் முறையிடுவது?

பூம் என்பது பாயின் அடிப்பக்கத்தை விறைப்பாகப் பிடித்திருக்கும் குறுக்குக் கம்பம். பாய் ஏறி நிற்கும்வரை பாயே அதைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். பாயை இறக்கினாலோ, கீழே உட்கார்ந்திருப்பவர் தலையில் மடேரென்று விழும். விழாமல் இருக்கத்தான் பாய்மரத்தின் உச்சியிலிருந்து ஒரு தாங்கு கயிறு வந்து பூமின் நுனியில் மாட்டும். இந்த மகானுபாவர் அதைக் கழற்றி மரத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டார். கயிறு உரசினால் பாயின் வடிவம் கெட்டுப்போகுமாம். "நீதான் இருக்கியே, கொஞ்சம் பிடிச்சுக்கயேன்" என்றார். அந்தக் கொஞ்சம், அவர் பாயைச் சுருக்கமில்லாமல் மடித்து, பட்டை கட்டி, தள்ளி நின்று அழகு பார்த்து முடிக்கும்வரை நீளும். மறுநாள் அவள் யார் வாயிலாவது டிரில்லை வைக்கும்போது தோள் விண்ணென்று தெறிக்கும்.

அதனால்தான் படகோட்டிச் சான்றிதழ் வாங்கக் கிளம்பினாள். அது கையில் இருந்தால் அலைதடுப்புச் சுவரைத் தாண்டி, கடலுக்குள் தனியாகவே போகலாம். இவரைக் கூட்டிக்கொண்டு மாரடிக்க வேண்டியதில்லை. இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

தேர்வன்று படகைச் செலுத்துகிறவள் அவள், சொன்னதைச் செய்யும் உதவியாள் அவர். தேர்வெடுக்க வந்த அம்மாளுக்குக் கட்டைக் குரல். ஏறியதும் மேலே பார்த்தாள்.

"தாங்கு கயிறு ஏன் மாட்டல?"

"தேவையில்லீங்க மேடம். என் மனைவி பிடிச்சுக்குவா" என்றார் இன்ஜினியர், அதில் பெருமை வேறு.

அந்த அம்மாள் டாக்டரைப் பார்த்தாள். "மாட்டுங்க" என்று புருஷனிடம் இவள் ஒரு வார்த்தை அப்போதே சொல்லியிருக்கலாம். அடங்கிப் பழகின வாய், மூடியே இருந்தது. தொலையட்டும், இன்றைக்கு ஒரு நாள் அவரே பிடித்துப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஓட்டம் என்னவோ பிரமாதம். எதிர்காற்றில் படகைத் திருப்பினாள், மிதவையை உரசாமல் சுற்றி வந்தாள். அந்த அம்மாள் தலையைக்கூட ஆட்டினாள். துறை நெருங்கியது. பாயை இறக்கி, வேகத்தைக் குறைத்து, பூப்போலப் போய் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

"முதல்ல பூமைப் பிடிங்க. அப்புறமா பாயை இறக்குங்க."

"தெரியும், தெரியும். நேத்துப் பொறந்தவனா நானு?"

சொன்ன வாய் மூடுவதற்குள் பாய்க் கயிற்றை அவிழ்த்தார். பாய் சரசரவென்று இறங்கியது. அது கசங்கிச் சரிவதைப் பார்த்தாரோ இல்லையோ, இரண்டு கையாலும் அதை வாரி அணைத்துக்கொண்டார். பூமை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அது சாயத் தொடங்கியதுமே அவள் சுக்கானை அப்படியே விட்டுவிட்டுப் பாய்ந்து தோளைக் கொடுத்தாள். யோசித்துச் செய்யவில்லை, தோள் தானாகப் போயிற்று. படகு தன் இஷ்டத்துக்குத் திரும்பி, துறையில் மொத்தென்று இடித்தது.

"ஃபெயில்" என்றாள் அந்த அம்மாள்.

"மேடம், உங்க தலையில விழுந்திருக்கும்..."

"கயிறு இல்லைன்னதும் நான் தள்ளித்தாம்மா உட்கார்ந்தேன். என் தலையை நான் பார்த்துக்குவேன். படகை யாரு பார்த்துக்குவா?"

அந்த அம்மாள் இறங்கிப் போனாள்.

"நீ எதுக்கு அவசரப்பட்ட? நான் பிடிச்சிருப்பேன்ல?" என்றார் அவர், கை நிறையப் பாயோடு.

"எந்தக் கையால?"

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பூமைத் தொப்பென்று கீழே போட்டாள். மரத்தில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, பூமைத் தூக்கி அதன் நுனியில் மாட்டினாள். ஒரே ஒரு கொக்கி. சே, இவ்வளவுதானா! இத்தனை வருஷமாக இதை மாட்டவிடாமல் யார் கையைப் பிடித்துத் தடுத்தது? பாதிக் கோபம் தன்மேலேயே திரும்பியது.

"இறங்குங்க."

"எதுக்கு?"

"சுவருக்கு உள்ளாற ஓட்டறதுக்குச் சான்றிதழ் வேணாம். ஒரு சுத்து போயிட்டு வரேன்."

அவள் குரலைக் கேட்டதும் மறுபேச்சுப் பேசாமல் இறங்கினார். அவள் பாயை ஏற்றி, துறையைக் காலால் உந்தித் தள்ளினாள். படகு நகர்ந்த பிறகுதான் அவருக்கு நிஜமாகவே பயம் வந்தது போலிருக்கிறது; விளிம்புவரை ஓடிவந்தார்.

"ஏய், அது பழைய கயிறு! அறுந்துச்சுன்னா தனியா உன்னால தாங்க முடியாது! பூம் ரொம்பக் கனம்!"

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"கனம்னு தெரியுமா உங்களுக்கு?"

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அவள் அதற்குக் காத்திருக்காமல் சுக்கானைத் திருப்பினாள்.