கண் டாக்டரைக் கொன்ற குடும்பம்

என் மனைவி எழுதுகிறவள். நான் அதைத் தட்டச்சு செய்கிறவன். எங்கள் குடித்தனத்தில் இந்த ஒரு ஏற்பாடுதான் சண்டை சச்சரவில்லாமல் நடந்து வருகிறது. பெண்கள் வாரப் பத்திரிகையில் அவளுடைய தொடர்கதை வராத வருடமே கிடையாது. பல் டாக்டர் வீட்டுக் காத்திருப்பு அறையில், பேருந்தில், எங்கே பார்த்தாலும் ஒரு பெண்ணாவது அவளைப் படித்துக்கொண்டிருப்பாள். எழுத்தாளர் வீடு எது என்று கேட்டால், தெருமுனை மருந்துக்கடைக்காரர் மாத்திரை எண்ணுவதை நிறுத்திவிட்டு வெளியே வந்து கை காட்டுவார்.

கதாநாயகிக்காக அவள் மண்டையை உடைத்துக்கொள்வாள். கதாநாயகனுக்கு அவ்வளவு மெனக்கெட மாட்டாள். உயரம், மாநிறம், நெற்றியில் விழும் முடி, யோசிக்கும்போது கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்கும் பழக்கம். ஆள் ஒருவன்தான், உத்தியோகம்தான் மாறும். வக்கீல், பொறியாளர், விமானி. ஒருமுறை தட்டிக்கொண்டே, "இவனை எங்கயோ பாத்த மாதிரி இருக்கே" என்றேன்.

"பாக்கறதுக்கா உங்களை உக்கார வச்சேன்? தட்டுங்க" என்றாள்.

சென்ற ஞாயிறு காலை நான் தட்டிக்கொண்டிருந்தது ஒரு வங்கி அதிகாரியை. சாலையைக் கடக்கக் காலெடுத்து வைக்கிறான். எதிரே லாரி வருகிறது. அந்த இடத்தில் மகள் வந்து நின்றாள்.

"அப்பா, அதை மூடி வைங்க. அவங்க வந்துடுவாங்க."

அவங்க என்றால், அவளோடு வேலை பார்க்கும் பையனும் அவனுடைய அம்மாவும். பிள்ளைகள் இருவரும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவு செய்துவிட்டார்கள். ஆனால் அம்மா சரி என்றால்தான் என்று பையன் ஒரே பிடியாக நிற்கிறான். அந்த அம்மா இன்னும் வாய் திறக்கவில்லை.

"நம்ம அம்மா கதையை ஒண்ணு விடாம படிச்சவங்களாம்" என்றாள் மகள்.

"அப்ப பாதி வேலை முடிஞ்சுது" என்று சொல்லி என் மனைவி, விருந்தாளி நாற்காலியைப் புத்தக அலமாரிக்கு எதிரே திருப்பிப் போட்டாள்.

வந்தார்கள். டீ வைத்தோம். பையனின் அம்மா அதைத் தொடவில்லை. அலமாரியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மத்ததை அப்புறம் பேசலாம். அந்தக் கண் டாக்டரை ஏன் கொன்னீங்க?"

எங்கள் மகள் பிறந்த வருடத்துத் தொடர் அது. என் மனைவி தடுமாறவில்லை.

"கதைக்குத் தேவைப்பட்டுது."

"தேவைப்படல. முந்தின வாரம்தான் அவளுக்காக வீடு பாத்து வச்சார். ஜன்னல் திரைக்குத் துணிகூட எடுத்தாச்சு. அடுத்த வாரம் பிரிச்சா, ஒரு லாரி. நாலே வரி. ஆள் காலி. அவ அழறதுக்குக்கூட நீங்க இடம் விடல. நான்தான் அழுதேன்."

"அம்மா" என்றான் பையன்.

"நீ சும்மா இருடா. தங்கமான மனுஷனை நாலு வரில தீத்துக்கட்டின வீட்டுக்கு உன்னை எப்படி மருமகனா அனுப்புவேன்?"

மகள் தன் அம்மாவைப் பார்த்தாள். நான் மெல்ல, "ஒருத்தனை உயிரோட கொண்டு வர்றதுல நமக்கு என்ன நஷ்டம்?" என்றேன். மனைவி பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

"உண்மையைச் சொல்லிடறேன்" என்றாள் அவள். "இன்னும் ஆறு வாரம் ஓட வேண்டிய கதைங்க அது. இவ முன்னாடியே கிளம்பிட்டா. பிரசவ வார்டு வாசல்ல பத்திரிகை ஆள் நிக்கறான். எனக்கானா இடுப்பு வலி. பல்லைக் கடிச்சுக்கிட்டு நாலு வரி எழுதிக் குடுத்தேன். அஞ்சாவது வரிக்குள்ள இவ வந்துட்டா."

இதைக் கேட்டு அந்த அம்மா இளகிவிடுவார் என்று நினைத்தோம். அவர் நிதானமாக எங்கள் மகள் பக்கம் திரும்பினார்.

"அப்ப அவரைக் கொன்னது நீதானா?"

"அத்தை, நான் அப்ப பொறக்கவே இல்ல."

"கொஞ்சம் பொறுத்துப் பொறந்திருக்கலாம்."

முகத்தில் சிரிப்பு இல்லை. பையன் தரையைப் பார்த்தான். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் கண்டதும் என் மனைவி கோப்பையைக் கீழே வைத்தாள். பத்திரிகை ஆசிரியரே கெஞ்சினாலும் முடிவை மாற்றாதவள் அவள்.

"லாரி வராம இருந்தா என்ன ஆகியிருக்கும்னு சொல்லட்டுமா?"

சொல்ல ஆரம்பித்தாள். ஒரு தப்பான புரிதல். கதாநாயகி கோபித்துக்கொண்டு ரயில் ஏறுகிறாள். மழை. அவள் மறந்துவிட்டுப்போன குடையை எடுத்துக்கொண்டு டாக்டர் நடைமேடையில் ஓடுகிறார். அந்த அம்மா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். எனக்குத்தான் திக்கென்றது. இந்தக் குடையை நான் ஏற்கெனவே தட்டியிருக்கிறேன்.

"நிறுத்துங்க" என்றார் அவர். "குடையோட ஓடறது வக்கீல். அதுக்கடுத்த வருஷத் தொடர்."

இத்தனை வருடத் தொழில் ரகசியம், நாங்களே திருப்பிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தவரால் உடைபட்டது. மனைவி என்னைப் பார்த்தாள். நான் டீயைப் பார்த்தேன்.

"ஆமா" என்றாள் கடைசியில். என்னிடம்கூடச் சொல்லாததை அவரிடம் சொன்னாள். "அந்த டாக்டர்தான் இந்த வக்கீல். எனக்கு மட்டும் மனசு கேட்டுச்சா? ஆஸ்பத்திரில இருந்து வந்து, குழந்தையைத் தூங்க வச்சுட்டு, முதல் வேலையா அவரைத்தான் எழுப்பினேன். செத்த டாக்டர் திரும்ப வந்தா பத்திரிகைல ஒத்துக்க மாட்டாங்க. அதான் வக்கீல்."

அந்த அம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அதான் பாத்தேன். கோர்ட்ல நின்னுக்கிட்டுக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு பாருங்க, அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு." கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "இப்ப நல்லா இருக்காரா?" என்றார்.

"ரெண்டு பசங்க. சொந்த வீடு. லேசா பிரஷர்."

"மாத்திரை ஒழுங்கா போடறாரா?"

"அவ பாத்துக்கறா."

அவர் அப்போதுதான் டீயைக் கவனித்தார். கோப்பையை எங்கள் மகளிடம் நீட்டினார்.

"ஆறிப்போச்சு, வேற போட்டுக் கொண்டா. அத்தைக்குச் சர்க்கரை கம்மியா."

மகள் அடுக்களைக்கு ஓடினாள். யாரும் சொல்லாமலே பையனும் பின்னால் போனான். ஒரு டீ போட அவர்களுக்கு அன்று ரொம்ப நேரம் பிடித்தது.

கிளம்பும்போது வாசலில் அந்த அம்மா, "கல்யாணத் தேதியை நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார். செருப்பை மாட்டியபிறகு, "இனிமே லாரி மட்டும் வேண்டாம், சம்பந்தி" என்றார்.

அவர்கள் தெரு திரும்பும் வரை கையசைத்துவிட்டு, மனைவி நேராக என் மேசைக்கு வந்தாள்.

"அந்த பேங்க் ஆள் எங்க நிக்கறார்?"

"நடு ரோட்ல. காலைல இருந்து."

"லாரி?"

"வந்துக்கிட்டே இருக்கு."

"பிரேக் போடச் சொல்லுங்க" என்றாள்.