காரணம் எழுதும் கட்டம்

1

இந்தக் கதை ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையிலிருந்து வந்தது என்று சொல்லித் தொடங்குகிறேன். பொய்யில்லை. முழு உண்மையுமில்லை.

அணுமின் நிலையத்தில் உலையை இயக்குகிறவர்களுக்கு உரிமம் எப்படிக் கொடுக்கிறார்கள் என்று ஒரு பக்கத்துக்குக் கட்டுரை வந்திருந்தது. முதலில் எழுத்துத் தேர்வு. பிறகு நிலையத்துக்குள் நடக்கவிட்டு, ஒவ்வொரு குழாயாகக் காட்டிக் கேட்கும் தேர்வு. நிஜம்போலவே செய்துவைத்த கட்டுப்பாட்டு அறையில் ஒரு தேர்வு. கடைசியாக நாலைந்து பெரிய அதிகாரிகள் எதிரே உட்கார்ந்து வாயால் கேட்கும் தேர்வு. எல்லாம் தேறினாலும் உரிமம் சில வருடங்களுக்குத்தான். அப்புறம் மறுபடியும் தேர்வு. படிக்கும்போதே எனக்கு அசதியாக இருந்தது. [இப்போதெல்லாம் எதைப் படித்தாலும் அசதிதான். பகல் முழுக்க ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் லிஸ்ட் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எழுத்தாளன்.]

கட்டுரையின் கடைசிப் பத்தியில் ஒரு விஷயம் இருந்தது. ஆபத்து என்று பட்டால் உலையை நிறுத்த அந்த ஆபரேட்டர் யாரிடமும் கேட்க வேண்டியதில்லையாம். நிறுத்தியது அநாவசியம் என்று பிறகு தெரிந்தாலும் அதற்காக அவரைத் திட்டக் கூடாதாம். அந்தப் பத்தியை மூன்று தடவை படித்தேன். பிறகு வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்து நான்காவது தடவையும் படித்தேன்.

2

முதல் தொடக்கம்:

"கட்டுப்பாட்டு அறையில் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு விளக்கு எரிந்ததும், ஆபரேட்டர் தமிழ்மதி நாற்காலியிலிருந்து சட்டென்று—"

[விட்டுவிட்டேன். பச்சைதான் அணையுமா? ஆபரேட்டர் சட்டென்று எழுந்துகொள்ளலாமா? எனக்குத் தெரியாது.]

இரண்டாவது தொடக்கம்:

"அன்று தமிழ்மதிக்கு மூன்றாவது வாய்மொழித் தேர்வு. காலையில் அவள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. ஏனென்றால்"

[ஏனென்றால் என்ன? பயம் என்று எழுத வந்தேன். பரீட்சை என்றால் சாப்பிடாமல் போகிற பெண்ணை ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். தமிழ்மதி என் பேச்சைக் கேட்டுப் பட்டினி கிடந்ததுதான் மிச்சம். மன்னித்துவிடு, தாயே. போய்ச் சாப்பிடு.]

அணுமின் நிலையத்தை நான் பஸ்ஸில் போகும்போதுகூடப் பார்த்ததில்லை. ஆனால் அணு உலையும் கடைசியில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கத்தான் என்று அதே கட்டுரையில் போட்டிருந்தது. ஆவி எனக்குத் தெரியும். ஆவியை இயக்குவதற்கு உரிமத் தேர்வு எழுதப்போன ஒருவரையும் தெரியும். அவரைப் பற்றி எழுதாமல் இருப்பதற்காகத்தான் இவ்வளவு தூரம் அணு உலை வரைக்கும் போய்ப் பார்த்தேன்போல.

3

அவர் பெயர் சகாயராஜ். பெயரை மாற்றலாமா என்று யோசித்தேன். வேண்டாம்.

இரண்டாயிரத்து ஆறில் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் அவர் பாய்லர்மேன். எனக்கு அதே பட்டறையில் லாட் கார்டு எழுதும் வேலை. ஒரு தடவை மெஷினில் சேர்ந்து சாயம் போகும் துணிக்கு லாட் என்று பெயர். ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு அட்டை உண்டு. எண், நிறம், எடை, பழுது ஏதாவது இருந்தால் என்ன பழுது, அதற்குக் காரணம் என்ன என்று கட்டம் கட்டமாக எழுத வேண்டும். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதற்காக எடுத்துக்கொண்டார்கள்.

சகாயராஜுக்கு நாற்பத்தைந்து வயது. சாத்தான்குளம் பக்கம். மனைவி ரோஸ்மேரி ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். பட்டறைக்குப் பின்னால் கம்பெனியே கொடுத்த ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். பதினோரு வருடமாக அவர்தான் அந்த விறகு பாய்லரை ஓட்டினார். ஆனால் சட்டப்படி ஓட்டியவர் நஞ்சப்பன் என்று ஒருவர். நஞ்சப்பனின் சான்றிதழ் கண்ணாடி போட்டு பாய்லர் அறையில் மாட்டியிருந்தது. நஞ்சப்பன் உடுமலைப்பேட்டையில் தென்னந்தோப்பில் இருந்தார்.*

*[நான் நஞ்சப்பனைப் பார்த்ததே இல்லை. சகாயராஜ் மட்டும் தினமும் காலையில் அந்தக் கண்ணாடியைத் துடைப்பார்.]

அந்த வருடம் முதலாளி அவரைக் கூப்பிட்டு, இனி இந்தக் கதை ஓடாது, சோதனைக்கு வருகிறவர்கள் ஆளையே கேட்கிறார்கள், பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கு, இல்லாவிட்டால் சான்றிதழ் உள்ள ஆளைப் போட வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். வேலை போனால் அறையும் போகும். ஏற்கெனவே இரண்டு தடவை எழுதித் தவறியிருந்தார். இது மூன்றாவது.

ரோஸ்மேரி ஒருநாள் என்னிடம் வந்து கேட்டார். "அவியளுக்கு வேல தெரியும் தம்பி. பேசத்தான் தெரியாது. கேட்டா உள்ளத உள்ளபடி சொல்லிருவாவ. நீங்க கொஞ்சம் கேள்வி கேட்டுப் பழக்கிவிடுங்க."

நாற்பது நாள் டீ நேரத்தில் கேள்வி பதில் புத்தகத்தை வைத்துக்கொண்டு கேட்டேன். பதினேழாவது கேள்வி: கொதிகலனின் கண்ணாடிக் குழாயில் நீர்மட்டம் கண்ணுக்குத் தெரியாமல் இறங்கிவிட்டால் முதலில் என்ன செய்வீர்கள்?

"நெருப்ப இழுப்பேன். காத்த நிறுத்துவேன். தண்ணி விடவே மாட்டேன். காஞ்ச இரும்புல தண்ணி பட்டா வெடிச்சிரும்."

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

4

இங்கே சுவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

இரண்டாயிரத்து நாலில் ஒருநாள் பாய்லரில் ஏதோ சத்தம் வருகிறது என்று சகாயராஜ் ஆவியை நிறுத்திவிட்டார். ஓடிக்கொண்டிருந்த லாட்டில் சூடு இறங்கி, சாயம் திட்டுத்திட்டாகப் பிடித்தது. சத்தம் வெறும் போல்ட் தளர்ந்த சத்தம். சாய வேலைக்கெல்லாம் பொறுப்பான டையிங் மாஸ்டர் சிவராஜ் வெள்ளகோவில்காரர், குரலை உயர்த்தவே மாட்டார். என்னைக் கூப்பிட்டுச் சிவப்புப் பெயிண்டையும் பிரஷையும் கையில் கொடுத்தார்.

"கண்ணு, பாய்லர் ரூம்பு சொவுத்துல பெருசா எழுதீருங்க. எல்லாத்துக்கும் தெரியோணும்."

எழுதினேன். மாஸ்டரைக் கேட்காமல் ஸ்டீமை நிறுத்தக் கூடாது.

நான் எழுதியதிலேயே மிக அதிகமாகப் படிக்கப்பட்ட வாக்கியம் அதுதான். பத்திரிகைகளில் என் ஏழு கதைகள் வந்திருக்கின்றன. ஏழையும் சேர்த்துப் படித்தவர்கள் ஒரு ஷேர் ஆட்டோவில் அடங்குவார்கள். அந்தச் சுவரை மூன்று ஷிப்டும் படித்தது.

அன்று சகாயராஜ் பின்னால் நின்று பார்த்தார். "எழுத்து அழகா இருக்கு தம்பி" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைத்து இப்போது என்ன ஆகப்போகிறது?

5

சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதினார். வாய்மொழித் தேர்வில் அதிகாரி நல்ல மாதிரியாகவே பேசினாராம். உட்காரச் சொன்னாராம். எங்கே வேலை, எத்தனை மெஷின் என்றெல்லாம் விசாரித்தாராம். பிறகு கேட்டது இது:

"உங்க கம்பெனியில மத்தியானம் மூணு மணி. எட்டு மெஷினும் ஓடுது. கிளாஸ்ல தண்ணி தெரியல. முதல்ல என்ன செய்வீங்க?"

சகாயராஜ் சொன்னார்: "மாஸ்டருக்குப் போன் போடுவேன் சார்."

அதோடு முடிந்தது.

திரும்பி வந்தவரிடம் நான் கத்திவிட்டேன். "ஏனுங்கண்ணா, பதினேழாவது கேள்விங்கண்ணா அது! நாப்பது நாளாச் சொன்னீங்களே?"

அவர் விறகை அடுக்கிக்கொண்டே சொன்னார். "புஸ்தகத்துப் பாய்லர்னா நெருப்ப இழுத்திருப்பேன் தம்பி. அவரு நம்ம கம்பெனின்னுல்லா கேட்டாரு."

எனக்குப் பின்னால் சுவர் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

6

[இந்தப் பகுதியில் ரோஸ்மேரி அழுதார். அந்த வரியை அடித்துவிட்டேன். அவர் என் முன்னால் அழவில்லை. செக்கிங்கில் பழுது கண்ட துணியை ஒதுக்கிவைப்பதுபோல் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அழுதார் என்று எழுதினால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.]

7

வாய்மொழித் தேர்வு முடிந்து ஒன்பதாம் நாள், புதன்கிழமை மத்தியானம். தண்ணீர் லாரி வரவில்லை. எங்கள் பட்டறைக்குத் தண்ணீரெல்லாம் லாரியில்தான். பாய்லர் தொட்டி காலி. அது தெரியாமல் பம்ப் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. டீ நேரம் முடிந்து வந்த சகாயராஜ் கண்ணாடிக் குழாயைப் பார்த்தார். தண்ணீர் தெரியவில்லை. எட்டு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன.

இங்கே கதை என்னிடம் மூன்று முடிவு கேட்கிறது.

அவர் மாஸ்டருக்குப் போன் போடுகிறார். மாஸ்டர் வேறொரு போனில் இருக்கிறார். இவர் காத்திருக்கிறார். அப்புறம்— [இதை எழுத மாட்டேன். கதைக்கு இதுதான் வேண்டும் என்று தெரியும். பாய்லர் என்ற சொல் வந்ததிலிருந்து நீங்களும் காதைப் பொத்திக்கொண்டுதான் படித்திருப்பீர்கள். பாய்லர் சுவருக்கு அந்தப் பக்கம் துணி மடிக்கும் இடம். அங்கே எட்டுப் பெண்கள் இருந்தார்கள். முடியாது.]

அல்லது சரியான நேரத்தில் லாரி வந்து ஹாரன் அடிக்கிறது. [லாரிகள் கதைக்காக வருவதில்லை.]

அல்லது நடந்தது. சகாயராஜ் யாரையும் கேட்கவில்லை. எரிகிற விறகை நீளக் கொக்கியால் வெளியே இழுத்து மண்ணைப் போட்டார். நெருப்புக்குக் காற்று ஊதும் காற்றாடியை நிறுத்தினார். ஆவி வால்வை மூடினார். பிறகு மாஸ்டரைத் தேடி நடந்து வந்தார். முழங்கை வரை ரோமம் கருகியிருந்தது.

சிவராஜ் மாஸ்டரின் குரல் அன்றும் உயரவில்லை. "ஏனுங்க சகாயம், யாரக் கேட்டு நிறுத்துனீங்க?"

"கேக்கல மாஸ்டர். கேக்க நேரமில்ல."

மூன்று லாட் நேவி ப்ளூ, ஏற்றுமதித் துணி, பாதிச் சாயத்தில் நின்று போயிற்று. மறுநாள் மெக்கானிக் வந்து பாய்லரைத் திறந்து பார்த்தார். குழாய்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பதால் ஒன்றும் ஆகியிருக்காது என்று முடிவாயிற்று. இதுதான் எனக்கு இன்றுவரை ஆற்றாமை. அவர் தவறாக நடந்திருந்தால் ஊரே சாட்சி சொல்லியிருக்கும். சரியாக நடந்ததற்கு ஒரு சாட்சியும் இல்லை. தவறிய அதே கேள்விக்கு ஒன்பதே நாளில் அவர் சரியான விடை சொன்னார். அப்போது அதிகாரி சென்னையில் இருந்தார்.

8

மூன்று லாட் கார்டுகளும் என் மேஜைக்கு வந்தன. எண் எழுதினேன். நிறம் எழுதினேன். பழுது எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.

மாஸ்டர் என் தோள்மேல் கை வைத்தார். "பாய்லர்மேன் தவறுன்னு எழுதீருங்க கண்ணு. பையருக்கு ஒரு காரணம் காட்டோணுமில்லீங்க?"

அவர் கெட்டவர் இல்லை. துணி வாங்கும் வெளிநாட்டுக்காரனுக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். நானும் கெட்டவன் இல்லை. இப்படியே சொல்லிக்கொண்டு போனால் இந்தக் கதையில் கெட்டவர்களே இல்லை. ஆனாலும் ஒரு குடும்பம் அறையைக் காலி செய்தது.

மூன்று அட்டையிலும் எழுதினேன். எழுதும்போது சகாயராஜ் மேஜைக்கு எதிரே நின்றிருந்தார். அன்றோடு கணக்கு முடித்து அனுப்புவதற்காக அவரை ஆபீஸுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அட்டையைத் தலைகீழாகவே படித்தார்.

"எழுத்து அழகா இருக்கு தம்பி" என்றார்.

குத்தலாகச் சொல்லவில்லை. அது தெரியும் எனக்கு. குத்தலாகச் சொல்லியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

9

இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது. சாத்தான்குளத்துக்கே போய்விட்டார்கள் என்றார்கள். பல்லடம் பக்கம் ஒரு கறிக்கோழிப் பண்ணையில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அந்தப் பட்டறையும் கைமாறிவிட்டது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள். சிவப்புப் பெயிண்ட் சுண்ணாம்பை மீறித் தெரியும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பத்திரிகைக் கட்டுரையை ஏன் நான்கு தடவை படித்தேன் என்று இப்போது புரிந்திருக்கும். உரிமம் என்பது ஓட்டுவதற்கு அனுமதி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். யாரையும் கேட்காமல் நிறுத்துவதற்கு அனுமதி என்று நினைத்ததில்லை. எங்கள் பாய்லர்மேனிடம் அது இருக்கவில்லை. இல்லாமலே நிறுத்தினார்.

சுவரில் ஒரு வாக்கியம் எழுதினேன், அவர் தவறினார். அட்டையில் ஒரு வாக்கியம் எழுதினேன், அவர் போய்விட்டார். இந்தக் கதையின் கடைசி வாக்கியத்தையும் நானே எழுத எனக்குத் துணிவில்லை. அட்டை மட்டும் ஞாபகத்திலிருந்து போட்டுத் தருகிறேன். லாரி, சுவர், மாஸ்டர், முதலாளி, வெளிநாட்டுக்காரன், அதிகாரியின் கேள்வி, நான் என்று எல்லாம் உங்கள் முன்னால் இருக்கிறது. கட்டம் சிறியது, ஒன்றுதான் கொள்ளும். யாரையும் கேட்க வேண்டாம். உங்கள் கையெழுத்து மோசமாக இருந்தால் ரொம்ப நல்லது.

லாட் எண்: 2217

நிறம்: நேவி ப்ளூ

பழுது: திட்டுத்திட்டாகச் சாயம்

காரணம்: